போர் நடக்கும்போதே நடத்தும் பாடம்

இந்த வேலைக்கு நிரந்தர நாற்காலி கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் இரண்டு வாரத்துக்குக் கூப்பிடும். இன்னொன்று ஒரு செமஸ்டருக்குக் கூப்பிட்டுவிட்டு, மானியம் வரவில்லை என்று கடைசி நேரத்தில் பாதியாகக் குறைக்கும். வேறொன்று, வாரத்துக்கு ஒரு இணையவழி வகுப்பு எடுத்தால் போதும் என்று சொல்லும். அழைப்புக் கடிதத்தில் வருகைதரு பேராசிரியர் என்று கௌரவமாகப் போட்டிருப்பார்கள். நடைமுறையில் ரயில் டிக்கெட்டையும் ஹோட்டல் ரசீதையும் பத்திரப்படுத்திக்கொண்டு அலையும் ஆள் நான். கையில் கிடைப்பதைச் சம்பளம் என்பதைவிடப் படி என்பதே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் போனால் வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் பாடம் எடுத்தாக வேண்டும். அந்த எட்டு மணி நேரத்துக்கு அழைத்தவர்கள் பதினாறு மணி நேர வேலையைத் தயாராக வைத்திருப்பார்கள்.

நான் நடத்துவது நிலைமாறுகால நீதி. சர்வாதிகாரமோ போரோ முடிந்து எழும் ஒரு நாடு, நடந்த கொடுமைகளுக்கு எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பதுதான் பாடம். யாரைக் கூண்டில் ஏற்றுவது, யாரை மன்னிப்பது, இழந்தவர்களுக்கு என்ன ஈடு கொடுப்பது, பழைய ஆட்சியின் ஆட்களை அலுவலகத்தில் வைத்துக்கொள்வதா வெளியே அனுப்புவதா, காணாமல் போனவர்களை எங்கே தேடுவது. தென்னாப்பிரிக்காவின் உண்மை ஆணையம், அர்ஜென்டினாவின் தளபதிகள் மீதான வழக்கு, கொலம்பியா, இலங்கை என்று பழகிய வட்டத்துக்குள்ளேயே பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கிய பிறகு உக்ரைனிலிருந்தும், உக்ரைனைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்கிய ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அழைப்புகள் வர ஆரம்பித்தன.

உக்ரைனியவியல் என்ற துறைக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் அதுவரை கிடைத்த இடம், பெரும்பாலும் ரஷ்ய மொழித் துறையின் மூலையில் ஒரு மேசை. விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹார்வர்டில் 1973இல் உருவான உக்ரைனிய ஆய்வு நிறுவனத்துக்கு அமெரிக்காவில் குடியேறிய உக்ரைனியர்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு உண்டியல் குலுக்கிய நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1976இல் ஒரு நிறுவனம் வந்தது. மியூனிக்கில் இருக்கும் உக்ரைனிய சுதந்திரப் பல்கலைக்கழகம் 1921இல் வியன்னாவில் பிறந்து, பிராகுக்கு இடம்பெயர்ந்து, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மியூனிக் வந்து சேர்ந்தது. ஓடர் ஆற்றங்கரையில், போலந்து எல்லையை ஒட்டியிருக்கும் ஃப்ராங்க்ஃபர்ட்டின் வியாட்ரினா பல்கலைக்கழகத்தில் உக்ரைன் வரலாற்றுக்கென்று பேராசிரியர் பதவி 2018இல்தான் வந்தது. அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது மிகவும் குறைவு. அதனால்தான் போர் விரிந்த ஆண்டில் திடீரென்று எல்லோருக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆள் இல்லாத இடத்தில் என்னைப் போன்ற பக்கத்துத் துறைக்காரர்களும் உள்ளே வந்தோம்.

உக்ரைனுக்குள் போவது இப்போது ரயில் வேலை. 2022 பிப்ரவரி 24 முதல் வான்வெளி மூடிக் கிடக்கிறது. போலந்தின் ப்ஷெமிஷ்ல் வரை ஒரு ரயில், அங்கே கடவுச்சீட்டு வரிசை, பிறகு உக்ரைனிய ரயில். சோவியத் காலத்து அகலப் பாதை 1520 மில்லிமீட்டர். போலந்துப் பாதை 1435. அந்தச் சிறு வித்தியாசம்தான் உங்களை நள்ளிரவில் பெட்டியும் கையுமாக நடைமேடை மாற வைக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்தது. 2025 ஆகஸ்டில் 22 வயது வரை உள்ளவர்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். அதனால் ஐரோப்பாவில் வருகைதரு பதவிகளில் நீங்கள் சந்திக்கும் உக்ரைனிய ஆய்வாளர்களும் பெரும்பாலும் பெண்கள்தான்.

லிவீவ் நகரில் டாக்சி ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்ததும், படிப்பை முடிக்கத் திரும்பி வந்தீர்களா என்று கேட்டார். போருக்கு முன்பு கார்கிவ், டெர்னோபில் போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் மருத்துவம் படித்தார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். 2022 பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் ஆபரேஷன் கங்கா என்ற பெயரில் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். என் நரைத்த தலையைக் காட்டி, இந்த வயதில் எந்தக் கல்லூரி ஐயா இடம் கொடுக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த இரண்டு பையன்கள் தேர்வு எழுதினார்களா இல்லையா என்ற கவலை அவருக்கு.

பல்கலைக்கழக அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது ஒரு வசதி கிடைத்தது. பெயர், குடும்பப் பெயர், தந்தை வழிப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். ஜெர்மன்காரர்கள் மூன்றாவது கட்டத்தில் விழிப்பார்கள். இனிஷியலோடு பிறந்த நமக்கு அப்பா பெயர் நாக்கு நுனியில் இருக்கிறது. இரண்டாவது கட்டத்தில்தான் நான் விழித்தேன்.

காலை ஒன்பது மணிக்கு நாடு முழுவதும் ஒரு நிமிட மௌனம். எட்டரைக்குத் தொடங்கிய வகுப்பு அந்த நேரத்தில் நிற்கும். மாணவர்கள் எழுந்து நிற்பார்கள், நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து தொடர்வார்கள். வெளியூர் ஆசிரியருக்குத்தான் தொண்டை கட்டும்; அவர்களுக்கு அது அன்றாடம். சைரனும் அப்படியே. கைப்பேசிச் செயலி அலறும் (அதன் ஆங்கிலப் பதிப்புக்குக் குரல் கொடுத்தவர் ஸ்டார் வார்ஸ் நடிகர் மார்க் ஹாமில்). ரஷ்யாவில் மிக் 31 விமானம் ஒன்று மேலே எழும்பினாலே, அது கின்ஜால் ஏவுகணை சுமக்கக்கூடியது என்பதால், உக்ரைன் முழுவதற்கும் எச்சரிக்கை விழும். மாணவர்கள் டெலிகிராமைப் பார்த்து, மிக் தான், அரை மணியில் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவார்கள். விதிப்படி எல்லோரும் கீழே போயாக வேண்டும். நிலவறையில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேருக்குத்தான் கட்டடத்தில் நேரடி வகுப்பு நடத்தலாம் என்பது பல இடங்களில் கணக்கு. பாடத்திட்டம் எழுதும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். படவில்லைகளும் திரையும் மேலே இருந்துவிடும். கீழே கையில் ஒரு தாள் இருந்தால் மட்டுமே பாடம் நடக்கும். பாடத்துக்கான எல்லாவற்றையும் நான் அச்சடித்துக்கொண்டு போவதற்கு வேறு காரணம் இல்லை.

லிவீவுக்கு வரும் சர்வதேசச் சட்ட ஆசிரியர் எவரும் முதல் வகுப்பை ஒரே இடத்தில்தான் தொடங்குவார். இனப்படுகொலை என்ற குற்றத்துக்குப் பெயர் வைத்த ரஃபேல் லெம்கினும், மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற கருத்தை நியூரம்பர்க் வழக்குக்குள் கொண்டுவந்த ஹெர்ஷ் லவுட்டர்பாக்டும் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள். ஃபிலிப் சாண்ட்ஸ் இவ்விருவரையும் வைத்து 2016இல் ஒரு புத்தகம் எழுதிய பிறகு இது ஊரறிந்த கதை ஆகிவிட்டது. லெம்கின் 1953இல் நியூயார்க்கில் பேசும்போது, 1932–33 பஞ்சத்தை உள்ளடக்கிய சோவியத் நடவடிக்கைகளை உக்ரைனியர் மீதான இனப்படுகொலை என்றார். ஹோலோடோமோர் என்ற அந்தப் பஞ்சத்தை உக்ரைன் நாடாளுமன்றம் 2006 நவம்பரில் சட்டப்படி இனப்படுகொலையாக அங்கீகரித்தது. எல்லாம் முக்கியமான செய்திகள்தான். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் இதையே ஒப்பிக்கும்போது பிள்ளைகள் முகத்தில் எழும் சலிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு மாணவி சொன்னாள்: “பானே ப்ரொஃபெசோரே, அந்த இரண்டு பேரும் படித்த கட்டடத்தைக் கடந்துதான் நான் தினமும் பேருந்துக்குப் போகிறேன். எனக்கு இன்றைய வழக்கு வேண்டும்.” இப்போது லெம்கினை வாசிப்புப் பட்டியலில் வைத்துவிட்டு முதல் வகுப்பிலேயே இன்றைய வழக்குக்குப் போய்விடுகிறேன்.

முழுப் படையெடுப்புக்குப் பிறகு உக்ரைன் நீதிமன்றத்தில் நடந்த முதல் போர்க்குற்ற வழக்கு அது. வதீம் ஷிஷிமாரின் என்ற 21 வயது ரஷ்யச் சிப்பாய். 2022 பிப்ரவரி 28, சூமி மாகாணத்தின் சுப்பாகிவ்கா கிராமம். தங்கள் அணி சிதறியபின், பறித்த காரில் தப்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள், மிதிவண்டியோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த 62 வயது மனிதர் ஒருவரைப் பார்க்கிறார்கள். நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவான், சுடு என்று காரிலிருந்த ஒருவன் சொல்கிறான். அவன் ஷிஷிமாரினின் நேரடி அதிகாரி அல்ல. முதலில் மறுத்தவன் பிறகு சுடுகிறான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2022 மே 23 அன்று கீவ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஜூலை இறுதியில் மேல்முறையீட்டில் அது 15 ஆண்டாகக் குறைந்தது. இறந்தவரின் மனைவி கூண்டுக்கு முன்னால் நின்று அவனிடம் நேராகக் கேள்வி கேட்டார். ஆயுள் தண்டனைதான் வேண்டும், ஆனால் மரியுபோலில் சிக்கியிருக்கும் நம் பையன்களுக்காக இவனை மாற்றிக்கொடுப்பதென்றால் அதற்கும் எதிர்ப்பில்லை என்றார்.

இந்த ஒரு வழக்கை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தலாம். நான் கொடுத்த வேலை எளிமையானது: நீங்கள்தான் மேல்முறையீட்டு நீதிபதி, தண்டனைப் பகுதியை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மின்சாரம் இல்லாத நாள், எல்லாம் கையெழுத்து. உக்ரைனிய சட்ட மாணவர்கள் சட்டப் பிரிவுகளைக் கரைத்துக் குடித்தவர்கள். குற்றவியல் சட்டத்தின் 438ஆம் பிரிவு, இரண்டாம் பகுதி, பத்து முதல் பதினைந்து ஆண்டு அல்லது ஆயுள் என்று எல்லாத் தாளும் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் பிரிந்தார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற வாதம், கட்டளையிட்டவனுக்கு அதிகாரமே இல்லாதபோது குற்றத்தைக் குறைக்குமா கூட்டுமா? ஒப்புக்கொண்டதற்கு என்ன சலுகை? ஒரு பையன் ஆயுள் தண்டனையை உறுதி செய்துவிட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி சேர்த்திருந்தான்: குறைந்த தண்டனை கொடுத்தால் அடுத்த சிப்பாய் சரணடையக் கூடும். நான் அந்த ஓர வரியைத்தான் பலகையில் எழுதினேன். மீதி வகுப்பு முழுவதும் அதைச் சுற்றியே போனது.

கைதிப் பரிமாற்றம் என்று வந்ததும் என் பாடப்புத்தகம் கைவிட்டுவிட்டது. நான் இதுவரை நடத்திய நாடுகளிலெல்லாம் வழக்கு நடக்கும்போது துப்பாக்கி ஓய்ந்திருந்தது, அல்லது ஓய்வதற்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இங்கே தீர்ப்பு வாங்கிய ஒருவன் நாளைக்கே பேருந்தில் ஏறி எல்லை தாண்டலாம். அவனுக்குப் பதில் இந்த வகுப்பில் இருக்கும் ஒருத்தியின் அண்ணன் திரும்பி வரலாம். தண்டனையின் நோக்கம் என்ன என்ற பழைய கேள்விக்கு இதுவரை எந்த நூலிலும் நான் பார்க்காத விடை அது. வகுப்பில் யாரும் நீதியை விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைக்கவில்லை. தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால் போதும், ஆள் எங்கே இருந்தாலும் அது அவன் பெயரில் இருக்கும் என்று ஒருத்தி வாதாடினாள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் சம்மதம் இல்லை என்று சொல்லும் தகுதி அந்த அறையில் எனக்குக் குறைவு என்பதும் தெரியும்.

அடுத்த பாடம் இன்னும் கடினம். எதிரியின் படைவீரனைப் பற்றிப் பேசுவது சுலபம். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது அப்படியல்ல. 2022 மார்ச்சில், படையெடுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே, உக்ரைன் குற்றவியல் சட்டத்தில் எதிரிக்கு ஒத்துழைப்புத் தரும் குற்றத்தைப் புதிய பிரிவாகச் சேர்த்தார்கள். 111க்குப் பிறகு ஒரு கோடு போட்டு 1. பொதுவெளியில் பேசியது முதல் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் தலைமைப் பதவி ஏற்றது வரை பலதும் அதற்குள் வருகிறது. பள்ளியில் ரஷ்யப் பாடத்திட்டத்தை அமல்படுத்துவதும் ஒரு குற்றம். மூன்றாண்டு வரை சிறை, கூடவே நீண்ட காலம் அந்தத் தொழில் செய்யத் தடை. பிரிவு மிக அகலமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது.

உக்ரைனில் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையப் பதிவேட்டில் எல்லோருக்கும் கிடைக்கும். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு நபர் 1, நபர் 2 என்று போட்டிருப்பார்கள். ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. நபர் 1 ஒரு கணித ஆசிரியை. ஊரை ரஷ்யர்கள் பிடித்தார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்தது. அவர் போனார். கணிதத்தில் என்ன ரஷ்யப் பாடத்திட்டம் என்று ஒருவன் கேட்டான். சம்பளத்தை ரூபிளில் வாங்கினாரே என்றான் இன்னொருவன். திங்கட்கிழமை கொடியேற்றத்தில் நின்றாரா, பதிவேட்டை எந்த மொழியில் எழுதினார், போகாமல் இருந்திருக்க முடியுமா, போகாதவர்களுக்கு என்ன ஆனது என்று கேள்விகள் நீண்டன. சட்டத்தில் எல்லாம் தன் விருப்பத்தோடு செய்தாரா என்ற ஒரே சொல்லில் வந்து நிற்கிறது. துப்பாக்கியோடு ஆள் வாசலில் நிற்கும் ஊரில் விருப்பத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் முழு வகுப்பும்.

நான் இரண்டு தாள்களை இதற்கென்றே எடுத்துப் போவேன். ஒன்று நான்காம் ஜெனீவா ஒப்பந்தம். அதன் 50ஆம் பிரிவு, ஆக்கிரமித்திருக்கும் அரசு குழந்தைகளின் கல்வி நிறுவனங்கள் ஒழுங்காக நடக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதாவது ஆக்கிரமிப்பில் பள்ளிக்கூடம் நடக்கும், அதில் யாரோ பாடம் எடுப்பார்கள் என்பதைச் சர்வதேசச் சட்டமே எதிர்பார்க்கிறது. இன்னொன்று 1942 நார்வே. குவிஸ்லிங் ஆட்சி ஆசிரியர்களைத் தன் சங்கத்தில் சேரச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் எழுத்து மூலம் மறுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். பல நூறு பேரைத் தூர வடக்கில் கிர்கெனெஸுக்கு அனுப்பிக் கட்டாய வேலை வாங்கினார்கள். கடைசியில் ஆட்சிதான் பின்வாங்கியது. எல்லா வகுப்பிலும் இந்தக் கதை எடுபடும். கேர்சோன் மாகாணத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் ஒப்பவில்லை. “நார்வேயில் சங்கம் இருந்தது. எங்கள் ஊரில் நான்கு ஆசிரியைகள்தான் மிச்சம். நான்கு பேர் மறுத்தால் அது வேலைநிறுத்தம் இல்லை, நான்கு பேர் காணாமல் போவது” என்றாள். சற்று நேரத்துக்குப் பிறகு அவளே, அப்படியும் போகாத ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார், அவரை வைத்துப் பார்த்தால் மற்ற மூவரையும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னாள். இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து வந்தவை. நான் எதையும் சேர்க்கவில்லை.

ஒப்பீட்டுப் பாடத்துக்குப் பயன்படும் இன்னொரு உள்ளூர் வழக்கும் இருக்கிறது. 2014இல் யானுகோவிச் ஆட்சி போனதும் கொண்டுவந்த அதிகாரத் தூய்மைச் சட்டத்தின்படி, அந்த ஆட்சியில் உயர்பதவியில் இருந்தவர்களைத் தனித்தனியே விசாரிக்காமலே பத்தாண்டு தடையோடு வெளியே அனுப்பினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 அக்டோபரில், பொல்யாக் வழக்கில், இது தவறு என்றது: ஆளைப் பார்க்காமல் பதவியைப் பார்த்துத் தண்டிக்கக் கூடாது. 111-1 பற்றிய சண்டை உச்சத்துக்குப் போகும்போது இந்தத் தீர்ப்பைத் தூக்கி நடுவில் வைப்பேன். வெளிநாட்டான் சொன்னதல்ல, உங்கள் நாட்டவர் ஐந்து பேர் வழக்குப் போட்டு வாங்கியது.

இணையவழி வகுப்பு வேறு உலகம். நாடு முழுவதும், நாட்டுக்கு வெளியேயும் சிதறிப்போன மாணவர்களுக்காக மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் 2022இல் உக்ரைனுக்கான காணாப் பல்கலைக்கழகம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே மாலையில் இதில் சேரலாம். அந்த மாதிரிக்குப் பிறகு பலரும் அதே வழியில் வகுப்பு வைத்தார்கள். நான் எடுத்த ஒன்றில் ஒரு சதுரத்தில் கார்கிவ் குளியலறை, இரண்டு சுவருக்கு நடுவில் இருப்பதுதான் பாதுகாப்பு என்பதால். ஒரு சதுரத்தில் வார்சா உணவகத்தின் பின்கட்டு. ஒரு சதுரம் எப்போதும் கறுப்பு. கறுப்புச் சதுரத்துக்காரர் ராணுவத்தில் இருந்தார். கேமராவைப் போடுங்கள் என்று இங்கே யாரையும் கேட்கக் கூடாது. இருக்கும் இடம் தெரிந்துவிடும். அவர் கட்டுரை கெடு தாண்டிப் பல வாரம் கழித்து வந்தது. தலைப்பு, உக்ரைன் வீரர்கள் செய்யும் போர்க்குற்றங்களை யார் விசாரிப்பது.

அந்தக் கட்டுரை ஒரு நிஜமான முள்ளைத் தொட்டது. உக்ரைன் நாடாளுமன்றம் 2024 ஆகஸ்டில் ரோம் சட்டத்தை ஏற்றது. 2025 ஜனவரி 1 முதல் அது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முழு உறுப்பினர். ஆனால் 124ஆம் பிரிவைப் பயன்படுத்தி, தன் குடிமக்கள் மீதான போர்க்குற்ற வழக்குகளுக்கு ஏழாண்டு விலக்கு கேட்டிருக்கிறது. புதினுக்கும் குழந்தைகள் உரிமை ஆணையர் லிவோவா பெலோவாவுக்கும் 2023 மார்ச்சில் பிடியாணை போட்ட அதே நீதிமன்றம். மாணவர்களில் பாதிப் பேர் இந்த விலக்கு வெட்கக்கேடு என்பார்கள். மீதிப் பேர், போர்முனையில் இருப்பவன் முதுகில் ஹேக் நகரத்து நீதிமன்றம் ஏற வேண்டாம் என்பார்கள். சீருடையில் இருந்த அந்த மாணவர் முதல் கட்சி.

சாட்சியம் சேகரிப்பது பற்றி எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உக்ரைன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் பதிவு செய்திருக்கும் போர்க்குற்றச் சம்பவங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. காவல்துறை, உளவுத்துறை, ஐ.நா. குழு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், தன்னார்வ அமைப்புகள், பத்திரிகைகள் என்று ஒரே பெண்ணிடம் ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நடுவில் என் மாணவர்கள் செமஸ்டர் கட்டுரைக்காகப் போய் உட்கார அனுமதிப்பதில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம் பேசுவதற்கான முராத் நெறிமுறை 2022இல்தான் வந்தது. அதை முழுதாகப் படித்துவிட்டு, அதன் பிறகும் பேசியே ஆக வேண்டுமா என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் வேண்டாம் என்றே முடிப்பார்கள்.

சேகரித்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விக்டோரியா அமெலினாவைச் சொல்வேன். நாவலாசிரியை. 2022இல் நாவலை ஒதுக்கிவிட்டுப் போர்க்குற்றங்களைப் பதிவு செய்யும் குழுவில் பயிற்சி எடுத்துச் சேர்ந்தார். இசியூம் அருகே கப்பித்தோலிவ்கா கிராமத்தில் ஆக்கிரமிப்புக் காலத்தில் கொல்லப்பட்ட, குழந்தைகளுக்கான எழுத்தாளர் வோலோதிமிர் வகுலென்கோ, பிடிபடும் முன் தன் நாட்குறிப்பைத் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்து வைத்திருந்தார். கிராமம் மீண்டதும் அமெலினா அவருடைய அப்பாவோடு போய் மண்ணைத் தோண்டி அதை எடுத்தார். அந்தத் தாள்கள் கார்கிவ் இலக்கிய அருங்காட்சியகத்துக்குப் போயின. 2023 ஜூன் இறுதியில் கிராமாடோர்ஸ்க் உணவகம் ஒன்றின் மீது விழுந்த ஏவுகணையில் அமெலினா காயமடைந்து, ஜூலை 1 அன்று இறந்தார். முடிக்காமல் விட்ட அவருடைய புத்தகம் 2025இல் வெளிவந்தது. சட்ட மாணவர்களுக்கு நான் இதை இலக்கியமாகக் கற்பிப்பதில்லை. யார் முன்னிலையில் எடுத்தார், யாரிடம் ஒப்படைத்தார், எங்கே வைத்தார் என்று கைமாறிய வரிசையை எழுதச் சொல்வேன்.

மாணவர்கள் என்னிடம் கேட்பதும் உண்டு: நீங்கள் பார்த்த நாடுகளில் எவ்வளவு காலம் பிடித்தது? அர்ஜென்டினாவைச் சொல்வேன். 1977இல் தாய்மார்கள் மே சதுக்கத்தில் நடக்கத் தொடங்கினார்கள். 1985இல் தளபதிகளுக்குத் தண்டனை. சில ஆண்டுகளிலேயே மன்னிப்பு. 2005இல் உச்ச நீதிமன்றம் மன்னிப்புச் சட்டங்களை ரத்து செய்த பிறகு மறுபடி வழக்குகள். இலங்கையையும் சொல்வேன், சொல்லாமல் இருக்க முடியாது. காணாமல் போனோருக்கான அலுவலகச் சட்டம் 2016இல் வந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் புகைப்படங்களோடு சாலையோரம் உட்கார்ந்தார்கள். அலுவலகம் இருக்கிறது, பிள்ளைகள் எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது. உக்ரைனில் காணாமல் போனோரின் பெயர்ப் பதிவேடு இப்போதுதான் நிரம்பிக்கொண்டிருக்கிறது. கேட்ட மாணவன் நோட்டை மூடிவிட்டு, இதைத் தேர்வுக்குப் பிறகு சொல்லியிருக்கலாம் என்றான்.

ஜெர்மனியில் இதே பாடத்தை எடுப்பது எனக்கு இன்னும் சங்கடம். அறையில் இரண்டு கூட்டம் இருக்கும். அகதியாக வந்த உக்ரைனிய மாணவிகள் ஒரு பக்கம். மறுபக்கம், நல்லெண்ணத்தோடு, சமாதானத்துக்காகப் பொதுமன்னிப்பு கொடுத்தால் என்ன என்று கேட்கும் உள்ளூர்ப் பிள்ளைகள். கேள்வியில் தவறில்லை, பாடத்திலேயே இருக்கும் கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு எல்லோரும் திரும்பி உக்ரைனியப் பெண்ணைப் பார்ப்பார்கள், அவள் ஒரு நாட்டுக்கே பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல. அதை நான் அனுமதிப்பதில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியவரே கொலம்பியாவின் 2016 ஒப்பந்தத்தைப் படித்து, மன்னிப்புக்குக் கைமாறாக அங்கே என்ன கேட்டார்கள் என்று அடுத்த வாரம் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு பையன் நிஜமாகவே படித்துவிட்டு வந்து, தன் கேள்வியைத் தானே திருத்திக் கேட்டான். அது நல்ல நாள்.

பதவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உக்ரைனைப் பற்றிக் கற்பிக்க உக்ரைனியர் இருக்கும்போது என்னைப் போன்றவர் பெயரில் அழைப்பு ஏன் வருகிறது என்று நான் கேட்டிருக்கிறேன். மானிய விதி, பணி அனுமதி, எல்லைத் தடை என்று காரணங்கள் இருக்கும். சில இடங்களில் காரணமே இல்லை. கீவிலிருந்து ஒரு பெண் பேராசிரியரை இணைப்பில் வரவழைத்து, இணை ஆசிரியர் என்று பெயர் போட்டு, பாதிப் பாடத்தை நடத்த வைத்து, படி மட்டும் எனக்குக் கொடுத்தார்கள். இப்போது நான் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கிறேன்: இரண்டு பேர், இரண்டு பெயர், சமமான தொகை. சில அழைப்புகள் அதோடு நின்றுபோயின. போகட்டும்.

பாடத்திட்டம் ஒவ்வொரு பருவமும் மாறுகிறது. ஐரோப்பிய கவுன்சில் ஹேக்கில் வைத்திருக்கும் சேதப் பதிவேடு 2024 ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியது. வீடு இழந்தவர் கைப்பேசியிலேயே மனுப் போடுகிறார். ஆக்கிரமிப்புக் குற்றத்துக்கான தனித் தீர்ப்பாயத்தை அமைக்க 2025 ஜூன் 25 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டுக்கும் இன்னும் நல்ல பாடப்புத்தகம் இல்லை, மூல ஆவணங்களைத்தான் கொடுக்கிறேன். அடுத்த முறை லிவீவில் கணித ஆசிரியை வழக்கை முதல் நாளே எடுக்கலாம் என்று அங்கிருக்கும் சக ஆசிரியருக்கு எழுதினேன். நல்லது என்று பதில் போட்டார். பதிவு செய்தவர்கள் நிலவறைக்கு அடங்காத கூட்டம், அதனால் காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று இரண்டு முறை எடுக்க வேண்டியிருக்கும், படி ஒரு பிரிவுக்குத்தான் என்றும் சேர்த்திருந்தார்.